பஸ் எங்கே நிற்க வேண்டும்

"பஸ் இங்கதான் நிக்கணும்னு யாரும்மா சொன்னது?"

மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் கேட்ட கேள்வி. "யாரோ பெரியவங்க சொல்லியிருப்பாங்க. நீ முதல்ல ஏறு" என்று அவளை பஸ்ஸுக்குள் தள்ளிவிட்டாள் தையற்காரம்மா. அந்த யாரோவைப் பற்றி அப்புறம் அவள் நினைக்கவே இல்லை, வாசலில் இருக்கும் நிறுத்தத்தை எடுத்துவிடப் போகிறார்கள் என்று கேள்விப்படும்வரை.

அடுத்த நிறுத்தம் கீழே பள்ளத்தில் இருந்தது. அங்கே இறங்கினால் மேடேறி வர வேண்டும். அவள் கணவருக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பிழிந்துபோட்ட துணிபோல இருப்பார். அந்த மேடு அவரால் ஆகிற காரியமில்லை.

இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போனில் சொன்னாள்: "நகராட்சி வெப்சைட்ல ஊர் வரைபடம் போட்டிருக்காங்கம்மா. எந்த இடமோ அங்க புள்ளி வெச்சு, நம்ம கருத்த எழுதணும். யார் வேணா எழுதலாம், எல்லாரும் பாக்கலாம்."

"நாம எழுதி, அவங்க படிச்சுட்டாலும்!"

"எழுதித்தான் பாரேன்."

ஆண்டவனை நினைத்துக்கொண்டு எழுதினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல். திரை அதற்குச் சரியாகப் படியவில்லை.

மறுநாள் காலை பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் போனும் கையுமாக வாசலில் நின்றார். பழைய டயர்களை அவளுடைய வீட்டுச் சுவரில் அவர் சாய்த்து வைத்ததற்காக ஒரு சண்டை நடந்து, வெகுநாளாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

"ஏங்கக்கா, சுவர் போச்சுன்னு சண்டை போட்டீங்க, சரி. அதுக்காக என் கடைமேலயே பஸ்ஸ ஏத்தணுமா?"

பார்த்தாள். 'பஸ் இங்கேதான் நிற்க வேண்டும்' என்ற அவளுடைய கருத்து அவர் கடையின் நட்டநடுவில் குந்தியிருந்தது.

"ஐயையோ! சத்தியமா விரல் வழுக்கிடுச்சு தம்பி. அவருக்காகத்தான் எழுதினேன். அந்த மேட்டுல அவரு எப்படி..."

கடைக்காரர் முகம் மாறியது. "விடுங்கக்கா. பிரேக் பிடிக்காத பஸ்ஸா இருந்தா வந்துட்டுப் போகட்டும், சரி பண்ணித் தரேன்" என்றார். அவளுடைய போனை வாங்கி, கிரீஸ் படாத சுண்டுவிரலால் புள்ளியை நிறுத்தத்துக்கு நகர்த்தினார். திரும்பிப் போகும்போது, யாரும் கேட்காமலே, சுவரிலிருந்த டயர்களையும் எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவளுடைய கருத்தின் கீழே 'ஆதரவு' பொத்தானை அமுக்கியவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது. யாரென்று புரியவில்லை. பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்த டீச்சர்தான் சொன்னாள்: "உங்க பக்கத்துக் கடையில பஞ்சர் ஒட்டினேன். 'சும்மாதானே உக்காந்திருக்கீங்க, இதப் படிச்சுப் பாருங்க, நியாயம்னு பட்டா அமுக்குங்க'ன்னாரு. வர்றவங்க எல்லார்கிட்டயும் இதே பாட்டுதான்."

ஒரு நாள் கருத்தின் கீழே பதில் வந்தது: 'படித்தோம். நேரில் வந்து பார்க்கிறோம்.' சொன்னபடியே ஓர் அதிகாரி வந்தார். பள்ளத்து நிறுத்தத்தில் இறங்கி, மேடேறி, மூச்சு வாங்கி, அவள் வாசலில் தண்ணீர் கேட்டார். செம்பு நிறையக் கொடுத்தாள்.

முடிவும் எல்லாரும் பார்க்கும்படி அதே இடத்தில் வந்தது: 'நிறுத்தம் அங்கேயே இருக்கும். காரணம்: நோயாளிகளும் முதியவர்களும் இந்த மேட்டில் ஏற இயலாது.' கணவர் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, பல நாளைக்கப்புறம், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து நிம்மதியாகத் தூங்கினார்.

சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கடைக்கு எதிரே தெருவிளக்கு எரியவில்லை. கடைக்காரர் டார்ச்சைப் பல்லில் கடித்தபடி செயின் மாட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் கேட்கத் தெரிந்தவருக்குத் தனக்கென்று ஒன்று கேட்கத் தோன்றவில்லை.

போனை எடுத்தாள். இந்தத் தடவை மூச்சைப் பிடித்து, ஊசியில் நூல் கோப்பதுபோல, அந்த விளக்குக் கம்பத்தின்மேலேயே புள்ளி வைத்தாள். 'விளக்கு எரியவில்லை. இங்கே ஒருவர் இருட்டில் வேலை செய்கிறார்.' பெயர் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டாள்.

சில நாள் கழித்து விளக்கு எரிந்தது. கடைக்காரர் வாயிலிருந்த டார்ச்சை எடுத்து, தலை நிமிர்ந்து பார்த்தார். "பரவாயில்லையே, அவங்களுக்கே தோணியிருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மறுபடி செயினுக்குக் குனிந்தார்.

ஜன்னலுக்குள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.