ஊக்கில்லாத இடுப்புத்துணி

"ஏம்மா, பேசத் தெரியாத பாப்பா, குத்துதுன்னு யார்கிட்ட சொல்லும்?"

லில்லிக்கு அப்போது ஐந்து வயது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் தெருவில் விளையாட ஓடிவிட்டாள். அவள் அம்மா ஜெயபுஷ்பத்துக்குத்தான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. அவள் உள்ளங்கையில் வாய் திறந்த ஊக்கு ஒன்று கிடந்தது. கைக்குழந்தை சாரா காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். வயிற்று வலி என்று நினைத்து ஜெயபுஷ்பம் ஓமத்தண்ணீர் கொடுத்தாள். தோளில் போட்டுத் தட்டிக் கொடுத்தாள். கண்ணேறு பட்டிருக்கும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதற்கும் தலையாட்டினாள். கடைசியில் துணியை அவிழ்த்தபோதுதான் இடுப்போரத்தில் குண்டுமணி போல ஒரு துளி ரத்தம் தெரிந்தது.

வேறு வீட்டுக் குழந்தையாக இருந்தால் மருந்து தடவிவிட்டு மறந்துவிடலாம். சாராவின் கதை அப்படி இல்லை. பிறந்தபோதே அவளுடைய இடது தொடை எலும்பு இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் தோளிலிருந்து பாதம் வரை வார்கள் கட்டி, இரண்டு கால்களையும் தவளை போல மடக்கி விரித்து வைத்து அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்த நர்ஸம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். வாரைக் கழற்றக் கூடாது. துணி மாற்றும்போது காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பிட்டத்துக்கு அடியில் கையைக் கொடுத்துத்தான் துணியை நுழைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோலில் புண் வரக் கூடாது.

"புண்ணு வந்தா வாரை எடுத்துடுவோம்மா. எடுத்துட்டா எலும்பு மறுபடி நழுவிடும். அப்புறம் ஆபரேஷன்தான். அதுலயும் நடை சரியா வரும்னு சொல்ல முடியாது."

ஊக்கு மாட்டும் இடமும் கால் வார் போகும் இடமும் ஒன்றாக இருந்தன. வார் அழுத்த அழுத்த ஊக்கு வாய் திறந்துகொண்டது. நாடா வைத்து முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். முடிச்சு வாருக்கு அடியில் புளியங்கொட்டை மாதிரி அழுந்தியது. முடிச்சைத் தளர்த்தினால் ஈரம் முதுகு வரை ஏறியது. அடுத்த முறை வேலூருக்குப் போக மூன்று வாரம் இருந்தது.

ஜெயபுஷ்பம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டினாள். வெளிநாட்டுக்குப் போகும் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பிரிவு. தட்டையான தோல் துண்டுகள் தட்டில் வரும். தைத்து முடித்தால் பாதத்தின் உருவம் எழுந்து நிற்கும். பத்து வருஷமாக அதையே செய்துவந்தவளுக்கு, குழந்தையின் இடுப்பும் ஒரு பாதம் போலத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. மாதா கோவில் பண்டிகைச் சுவரொட்டி ஒன்றின் முதுகில் பென்சிலால் வரைந்தாள். பின்பக்கம் அகலம், அதிலிருந்து இரண்டு பக்கமும் சிறகு போல இரண்டு பட்டைகள், அவை சுற்றி வந்து தொப்புளுக்குக் கீழே சேர வேண்டும். அங்கே எந்த வாரும் போகவில்லை. கால்களுக்கு நடுவிலிருந்து ஏறி வரும் முன்பக்கத்தில் தட்டையான பொத்தான்கள். பட்டையில் வரிசையாகத் துளைகள். குழந்தை வளர வளர அடுத்த துளைக்குப் போய்க்கொள்ளலாம். செருப்பு வாரை ஒரு துளை தளர்த்துவது போலத்தான்.

துளைக்கு எதை வைப்பது என்பதுதான் கேள்வி. துணியில் காஜா எடுத்தால் துவைத்துத் துவைத்துப் பிய்ந்துவிடும். ஷூவுக்கு உள்ளே வைக்கிற வெள்ளாட்டு லைனிங் தோல் இருக்கிறதே, அதில் ஒரு கீறல் போட்டால் போதும். எத்தனை தரம் மாட்டிக் கழற்றினாலும் அசையாது. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அதைவிட மிருதுவாக ஒன்று உலகத்தில் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பிரிவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

சூப்பர்வைசர் காசிநாதனிடம் கழிவுத் துண்டு கேட்டாள்.

"இன்னாத்துக்கு?"

"குழந்தைக்கு நாப்கின் சார்."

"ஷூ போட்டு நடக்கறதுக்கு முன்னாடியே தோலு கேக்குதா உன் பொண்ணு? எடுத்துக்க, குப்பைக்குப் போறதுதானே."

சாப்பாட்டு வேளையில் மெஷினிலேயே தைத்தாள். பட்டைகளுக்குத் தோல் வைத்தாள். கை பழகிய பழக்கத்தில் இடுப்பு விளிம்பு முழுவதையும், ஷூவின் வாய் விளிம்பை மடித்துத் தைப்பது போலவே, மெல்லிய தோலால் மடித்துத் தைத்தாள். பார்க்க அழகாக இருந்தது. பக்கத்து மெஷினில் இருந்த ராஜம்மாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ராஜம்மாளுக்கு வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். வாய் எப்போதும் யாரையாவது இடித்துக்கொண்டே இருக்கும்.

"எக்ஸ்போர்ட் குவாலிட்டி. ஜெர்மனிக்காரன் பாத்தான்னா உன்னையும் சேத்து பெட்டியில போட்டு அனுப்பிடுவான்."

முதல் வாரம் நிம்மதியாகப் போனது. துணி நழுவவில்லை, குத்தவில்லை, சாரா அழாமல் தூங்கினாள். ஜெயபுஷ்பம் ஒவ்வொரு வேளையும் சோற்றுக்கு முன் கண்ணை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை துணி மாற்றும்போது இடுப்பைச் சுற்றி வளையல் போட்டது போலச் சிவந்திருந்தது. வெயில் காலம், வேர்க்குரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பவுடர் போட்டாள். மறுநாள் அந்த வளையம் தடித்து, ஓரிடத்தில் பளபளவென்று நீர் கோத்திருந்தது.

அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்தவளுக்கு ஊசி போகும் வழி தெரியவில்லை. கோடு தெரிந்தது, ஆனால் கோட்டின் மேல் அந்தச் சிவப்பு வளையம் தெரிந்தது. வாரை எடுத்துடுவோம்மா என்ற குரல் மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்டது. பெரியவளாகி, பள்ளிக்கூடத்துக்கு விந்தி விந்திப் போகிற சாராவை அவள் பார்த்தாள். பின்னால் பிள்ளைகள் அதே போல நடந்து காட்டிச் சிரித்தார்கள். தையல் கோணிப் போனது. கோணலாகத் தைத்த ஜோடிகள் திரும்பி வரும். நிறைய வந்தால் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு நூல் வெட்டுகிற மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். அது தெரிந்தும் அவளால் கையை நேராக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம்.

சாயங்காலம் அவள் கணவன் சுந்தர்ராஜ் வேலையிலிருந்து வந்து குழந்தையிடம் குனிந்தான். அவன் டேனரியில், தோல் பதனிடுகிற டிரம் பக்கம் வேலை பார்ப்பவன், அதிகம் பேசாதவன். வளையத்தையே வெகுநேரம் பார்த்தான்.

"எப்பலேந்து இது?"

"நேத்துலேந்து. வேர்க்குருங்க."

"வேர்க்குரு கோடு போட்ட மாதிரி வராது." தன் இரண்டு கைகளையும் விரித்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினான். விரல் இடுக்குகளில் அதே சிவப்பு, அதே தடிப்பு, அதே நீர்க்கோவை. "பாரு. என் கைக்கு வர்றதுதான். தோலுக்குப் போடற குரோம் மருந்து. காய்ஞ்சு கெடந்தா ஒண்ணும் பண்ணாது. ஈரம் பட்டா உள்ளேந்து எறங்கும்."

ஜெயபுஷ்பம் துவைத்துக் காயப்போட்டிருந்த துணியை எடுத்து வந்தாள். விளிம்பைத் தொட்டாள். வெள்ளாட்டுத் தோல் அப்பளம் போல விறைத்திருந்தது. பத்து வருஷத்தில் அவள் தைத்த தோல் ஒன்றுகூட அவள் கையில் நனைந்ததில்லை. உலர்ந்த தோலைத்தான் அவளுக்குத் தெரியும். மாலையும் காலையும் சிறுநீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடி ஊறுகிற தோலை அவள் நினைத்தே பார்க்கவில்லை.

"நான்தாங்க வெச்சேன். என் கையாலதான் வெச்சேன்."

"ஆமா, நீதான் வெச்ச. ஊக்கு குத்தக் கூடாதுன்னு வெச்ச." அவன் அதற்கு மேல் குற்றம் எதுவும் சொல்லவில்லை. "நாம தோலைத் தொட்டுத்தான் சோறு துன்றோம் புஷ்பம். நமக்கு அது மேல பயம் வராது. சரி, இப்ப கிழி."

இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லா விளிம்பையும் பிரித்தார்கள். மாற்றித் தைக்க மிருதுவான துணி வேண்டும். இருந்த பழைய வேட்டியோ கஞ்சி ஏறிச் சொரசொரவென்று இருந்தது. பிரிக்கிற சத்தம் கேட்டு அடுத்த வீட்டு பில்கிஸ் எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டவள் தன் வீட்டுக்குப் போய், ஒரு மெல்லிய மல் துப்பட்டாவோடு திரும்பி வந்தாள். வெளுத்து வெளுத்துப் பூவின் இதழ் மாதிரி ஆகியிருந்தது.

"வேணாம் பில்கிஸ், நல்லா இருக்கே இது."

"நல்லா இருக்கறதாலதான் தர்றேன். கிழிஞ்சதைக் குடுக்கறதுக்கு நான் எதுக்கு?" துப்பட்டாவை மடியில் போட்டாள். "துப்பட்டா சுத்திக்குனு ஆஸ்பத்திரிக்குப் போவட்டும் உன் பொண்ணு. நிக்காஹ் பண்ணிட்டாங்களான்னு டாக்டருங்க கேக்கட்டும்."

அந்த வீட்டில் அன்று கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

விளிம்புக்கு மல் துணியை மடித்து வைத்தாள். பட்டையை நான்கு மடிப்பாக்கி, துளைகளைக் கையாலேயே நெருக்கமாகக் காஜா எடுத்தாள். நெருக்கமாக எடுத்தால் துணியும் தாங்கத்தான் செய்கிறது. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இடைப்பட்ட நேரமெல்லாம் சாராவை எந்தத் துணியும் இல்லாமல் கோரைப்பாயில் படுக்க வைத்து, சுந்தர்ராஜ் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினான். புண்ணில் தேங்காயெண்ணெய் மட்டும் தடவினார்கள். மிச்சமிருந்த நாட்களில் ஜெயபுஷ்பம் அந்த வளையத்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்த்தாள் என்று சொல்ல முடியாது. ஒரு பார்வைக்கு வெளுத்தது போலிருக்கும். அடுத்த பார்வைக்கு இன்னும் சிவந்தது போலிருக்கும். அவள் ஜெபத்தில் வார்த்தைகளே இல்லாமல் போயின. கண்ணை மூடினால் "ஆண்டவரே" என்று ஆரம்பிப்பாள், அங்கேயே நின்றுவிடுவாள். அதையும் அவர் கேட்கிறார் என்றுதான் நாம் நம்ப வேண்டும்.

வேலூருக்குப் போகும் பஸ்ஸில் குழந்தையை மடியில் தவளை போலவே வைத்துக்கொண்டு போனாள். பள்ளிகொண்டா தாண்டியபோது ஒருமுறை, சேண்பாக்கத்தில் ஒருமுறை, விளிம்பைத் தூக்கிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் பெயர் கூப்பிடும் வரை கையை அந்த இடத்தின் மேலேயே வைத்திருந்தாள், மறைப்பது போல.

நர்ஸம்மா துணியை விலக்கியதும் கேட்டார். "இது இன்னாம்மா தழும்பு?"

மறைக்கத்தான் நினைத்திருந்தாள். ஆனால் அந்த அம்மாளின் விரல் குழந்தையின் இடுப்பில் அவ்வளவு மெதுவாகப் போனது. அதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஊக்கு, தோல், குரோம், எல்லாம். சொல்லிவிட்டு, "வாரை எடுத்துடுவீங்களா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

டாக்டர் வந்து பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். "தோல் உரியலையே. ஆறிட்டு வருது," என்று ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னார். அன்று எடுத்த எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பு குழிக்குள் இருந்தது. முழுவதும் அமரவில்லை, ஆனால் இருந்தது. இன்னும் சில வாரம் இதே வார், இதே துணி.

நர்ஸம்மா பட்டையை ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு மாட்டி மாட்டிப் பார்த்தார். "இதோட அளவை எனக்கு வரைஞ்சு தர்றியா? இங்க வர்ற எல்லாத் தாய்மாருக்கும் இதே கஷ்டம்."

வரைந்து கொடுத்தாள். விளிம்பு வரும் இடத்தில் பென்சிலை நிறுத்தி, "தோல் மட்டும் வேணாம்னு சொல்லுங்க சிஸ்டர். எங்க ஊருப் பொம்பளைங்க அதைத்தான் மொதல்ல எடுப்பாங்க," என்றாள்.

மறுநாள் வேலைக்குப் போனபோது அவளுக்கு இன்னொரு பயம் காத்திருந்தது. அந்தப் பாழாய்ப்போன வாரத்தில் கோணலாகத் தைத்தவை எல்லாம் இந்நேரம் திரும்பி வந்திருக்கும். காசிநாதனைக் கண்டதும் தானே போய் நின்றாள்.

"சார், போன வாரம் என் ஜோடிங்க…"

"உன் ஜோடிக்கு இன்னா? ஒண்ணுகூட ரிட்டர்ன் வரல. போய் வேலையப் பாரு."

அவளுக்குப் புரியவில்லை. கட்டி அனுப்பாமல் மீதியிருந்த இரண்டு மூன்று ஜோடிகள் அவள் தட்டின் அடியில் கிடந்தன. எடுத்து உட்பக்கத்தைத் திருப்பினாள். ஜெயபுஷ்பம் தையல் முடிகிற இடத்தில் மெஷினையே பின்னோக்கி ஓட்டி நூலை வெட்டிவிடுவாள். இவற்றில் நூலைக் குத்தூசியால் உட்பக்கம் இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியைத் தீயில் சுட்டு ஒட்டியிருந்தது. அந்தப் பிரிவில் அப்படி முடிக்கிறவள் ஒருத்திதான்.

"அக்கா, இதெல்லாம் நீயா பிரிச்சுத் தைச்ச?"

ராஜம்மாள் தலை நிமிரவில்லை. "எனக்கு வேற வேலை இல்லையா? என் தட்டுல கெடக்கறதே ஜாஸ்தி. போடி."

அதற்குப் பிறகு எத்தனை முறை பேச்சை எடுத்தாலும் ராஜம்மாள் வேறு எதையாவது சொல்லி அடைத்துவிட்டாள். நன்றியைக்கூட வாங்கிக்கொள்ளாதவர்களுக்கு என்ன செய்வது?

மழைக்காலம் வந்தது. சாராவின் வார்கள் கழற்றப்பட்டு, அவள் சுவரைப் பிடித்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்த ராஜம்மாளின் மகனுக்குக் கால் நசுங்கிவிட்டது என்று தகவல் வந்தது. ராஜம்மாள் போய்ப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். யாரையும் இடித்துப் பேசவில்லை. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி எங்கே போகிறது என்று அவள் பார்க்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும், போன் செய்து மகனைப் பற்றி விசாரிக்கத் தபால் ஆபீசுக்குப் போனாள். மற்றவர்கள் தூக்குச் சட்டிகளோடு மரத்தடிக்குப் போனார்கள்.

ஜெயபுஷ்பம் போகவில்லை. ராஜம்மாளின் தட்டிலிருந்து கோணலானவற்றைப் பொறுக்கினாள். தையலைப் பிரித்து, பழைய துளைகள் விளிம்பு மடிப்புக்குள் மறையும்படி நேராக மறுபடி தைத்தாள். முடிக்கிற இடத்தில் கை பழக்கத்தில் பின்னோக்கி ஓடப் பார்த்தது. நிறுத்தினாள். குத்தூசியை எடுத்து, நூலை உட்பக்கம் இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியைச் சுட்டு ஒட்டினாள். எந்த ஜோடியைத் திருப்பிப் பார்த்தாலும் ராஜம்மாளின் கை மட்டுமே தெரிந்தது.

தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மடியில் விழுந்திருந்த நூல் துணுக்குகளைத் தட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கோடு அவளும் மரத்தடிக்குப் போனாள்.