முப்பதடித் தகடு

மாமனார் சபைச் செயலாளர், மருமகள் வெல்டர். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் மூன்று வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிறு வகுப்பில் ஆறு வருடமாகப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தருபவள் அவள். சாலொமோன் ஆலயத்தின் வட்டமான வெண்கலத் தொட்டிக்குக் குறுக்களவு பத்து முழம், சுற்றளவு முப்பது முழம் என்று வாசித்தவள், அது தோராயக் கணக்கு, நிஜத்தில் முப்பத்தொன்றரைக்குக் கிட்ட வரும் என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் வாய் சும்மா இருக்குமா? மாமனார் காதுக்கு எட்டிவிட்டது.

அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர் அவர். ஒரு புள்ளி பிசகினாலும் விடமாட்டார் என்பதால் சபையில் பட்டப்பெயர் 'புள்ளி'. வேதத்தில் ஓர் எண் தோராயம் என்றால், நாளைக்கு எல்லாமே தோராயம் ஆகிவிடும் என்று கமிட்டியில் பொரிந்தார். சபைக்கு ஞானஸ்நானத் தொட்டி செய்ய வேண்டியிருந்தது. அதை வேதக் கணக்கிலேயே, முழத்துக்குப் பதில் அடி வைத்துச் செய்யலாம். சரியாக வந்தால் மருமகள் வகுப்பை விட்டுவிட வேண்டும் என்றார்.

வீண்வம்பு எதற்கு, விட்டுக்கொடுத்துவிடேன் என்று கணவன் கெஞ்சினான். இருபத்திரண்டு பிள்ளைகளை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. ஒரே நிபந்தனையோடு சம்மதித்தாள்: தகட்டை மாமனாரே அளந்து கோடு போட வேண்டும்.

சனிக்கிழமை காலை கமிட்டி முழுவதும் அவளுடைய பட்டறையில் நின்றது. மாமனார் டேப்பை இழுத்து முப்பதடியில் கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். மயிரிழை பிசகாமல் அவள் வெட்டினாள். தகட்டை வளைத்து, பத்தடி வட்ட அடித்தட்டைச் சுற்றி நிறுத்தினாள்.

இரண்டு முனைகளும் சேரவில்லை. நடுவில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி. போதகர் அதன் வழியாகவே உள்ளே போய், உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"தகட்டைக் குறைச்சிட்டியாம்மா?" மூன்று வாரத்தில் மாமனார் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"கோடு உங்களது மாமா. கையெழுத்தும் உங்களதுதான்."

மூன்று தடவை அளந்தார். தகடு முப்பது. தட்டு, எந்தப் பக்கம் வைத்தாலும் பத்து.

"அப்போ... வேதம் பொய்யா?"

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"பொய் இல்ல மாமா. எழுதினவர் நமக்குத் தகடு வெட்ட அளவுச்சீட்டு தரல. எவ்வளவு பெரிய தொட்டின்னு மலைச்சுப்போய்ச் சொல்றார். எங்க கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தாங்கன்னு நீங்க சொல்றீங்களே, எண்ணியா பார்த்தீங்க? அதுக்காக நீங்க பொய்யரா?"

பிழை திருத்திப் பழகிய மனுஷர் முனகினார்: "எழுநூறு பேர் இருக்கும்."

சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டுத் தகட்டை எடுத்து வந்தாள். ஓரடி ஐந்தங்குலம். கமிட்டி கூடிய அன்றே வெட்டி வைத்தது. இடைவெளியில் வைத்தாள், கச்சிதமாக உட்கார்ந்தது. முகக்கவசத்தை மறுபடி மாட்டினாள். பொறி பறந்தது.

மத்தியானம் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டார்கள். மாமனார் கைக்குட்டையால் பற்றவைத்த இடம் முழுக்கத் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை நனையவே இல்லை.

மறுநாள் வகுப்பில் அவள் நுழைந்ததும் இருபத்திரண்டு பிள்ளைகளும் கைதட்டினார்கள். பின்வரிசைக் குட்டை பெஞ்சில், முழங்கால் முகவாயில் இடிக்க, மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"முப்பதுன்னே வாசிம்மா," என்றார். "அந்தத் துண்டுத் தகட்டுக் கதையை மட்டும் நான் சொல்றேன்."