நல்ல நிலையில் உள்ளது

எங்கள் தலைமையாசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்றுதான் சொல்வோம். ஆய்வு என்றாலே அவருக்குக் கை பரபரக்கும். யார் வந்து பார்த்தாலும் பள்ளிக்கூடம் பளிச்சென்று இருக்க வேண்டும். இத்தனை வருட சர்வீஸில் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் போல.

இந்த முறை வந்தது வேறு மாதிரி ஆய்வு. அரசாங்கம் பள்ளிகளுக்கென்று புதிதாகப் பணம் ஒதுக்கி, எந்தக் கட்டடம் ரொம்ப மோசமோ அதற்கே முதல் பணம் என்று விதியையும் மாற்றியிருந்தது. அதிசயமாக ஒரு உருப்படியான காரியம்! எங்கள் மாடி விரிசல் விட்டுப் பூட்டியே கிடந்தது. அதற்கு நேர் கீழே என் மூன்றாம் வகுப்பு. உள்ளதை உள்ளபடி காட்டுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே? நம் மானம் போய்விடும் என்று சொல்லி, கொத்தனாரை வைத்து விரிசலையெல்லாம் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டார்.

வந்த இன்ஜினியர் சின்னப் பெண். சுற்றிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அது புதுப்பூச்சு என்று நான் வாயைத் திறந்தேன். இவளுக்கு எதற்கெடுத்தாலும் குறைதான் என்று பெரிய டீச்சர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு, 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக்கொண்டு போனாள்.

பணம் பக்கத்துத் தெருப் பள்ளிக்குப் போயிற்று. போகட்டும், அவர்களும் பிள்ளைகள்தானே. ஆனால் கூடவே ஒரு உத்தரவும் வந்தது. அந்தப் பள்ளியை இடித்துக் கட்டும்வரை அந்தப் பிள்ளைகள் எங்கள் மாடியில் படிக்க வேண்டுமாம். நல்ல நிலையில் உள்ள மாடியல்லவா!

பெரிய டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். பூசி மறைத்தது தெரிந்தால் வேலை போகும், ஓய்வு பெறுகிற நேரத்தில் அந்த அவமானம் வேண்டாம் என்றார். நானே கல்வி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். குறை இருந்தால் தலைமையாசிரியர் மூலம் தெரிவிக்கவும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். நல்ல விதி!

இன்று காலை லாரியில் பெஞ்சுகள் வந்து இறங்கின. நான் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே பெஞ்சுகளை இழுத்துப் போடும் சத்தம். கூரையிலிருந்து சுண்ணாம்புத்தூள் உதிர்ந்து ஒரு பையனின் புத்தகத்தில் விழுந்தது. அவன் ஊதிவிட்டு மறுபடி படித்தான்.

பெரிய டீச்சர் வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வகுப்பில் படிக்கும் தன் தம்பி மகளை மட்டும் கூப்பிட்டார்.

"குட்டிம்மா, இங்க வெளிச்சம் பத்தல. பையை எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வா."

குழந்தை எழுந்து பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டது. "அத்தை, இவளும் வரட்டுமா?"

"வேணாம். நீ மட்டும் வா."

எல்லோரும் எழுந்து வெளியே ஓடுங்கள் என்று கத்தினேன். அவர்களைத் தள்ளிக்கொண்டு நான் வாசலுக்கு வந்தபோது, பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள்.