பின்னால் போன பந்துகள்

அந்த பேஸ்பால் வீடியோ கேமில் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது, வர்ணனை செய்கிற இரண்டு ஆண்களை. வாயை மூடவே மாட்டார்கள். பந்து வீசுகிறவன் தொப்பியைத் தொட்டால்கூட அதற்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். அவர்களைப் பேசாமல் வைக்கும் இடத்தை செட்டிங்ஸில் தேடிக் கண்டுபிடித்த அன்றுதான் வீட்டில் நிம்மதியாகச் சோறு இறங்கியது.

டிவியில் மாட்டி ஆடும் அந்தப் பெட்டியை என் தம்பி ஆதவன் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது எங்களிடம் விட்டுப் போனான். அதோடு இருந்தது இந்த ஒரு விளையாட்டுத்தான். கிரிக்கெட் இல்லையா என்று என் கணவர் செழியன் முகம் சுளித்தார். மட்டை இருக்கிறது, பந்து இருக்கிறது, போதும் என்று பிறகு உட்கார்ந்துவிட்டார்.

உட்காரத்தான் வேண்டியிருந்தது. அவர் கீழ்பென்னாத்தூர் பக்கம் பிள்ளைகளை ஏற்றிவரும் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஆனி பௌர்ணமிக்கு, கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளைச் சந்துக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். மழையில் பைக் சறுக்கித் தலையில் அடி. காயம் ஆறிவிட்டது, பேச்சு, நடை, கோபம் எல்லாம் பழையபடி வந்துவிட்டன. கண் பார்த்ததைக் கை செய்வதில் கொஞ்சம் சுணக்கம் இருக்கலாம், தான் சொல்லும்வரை வண்டி ஓட்ட வேண்டாம் என்றார் டாக்டர். இவர் அந்த ‘இருக்கலாம்’ஐப் பிடித்துக்கொண்டார். இருக்கலாம் என்றால் இல்லாமலும் இருக்கலாம்தானே என்று என்னிடமே வாதாடினார்.

விளையாட்டில் நல்ல குணமும் உண்டு. அடிக்க ஒரே ஒரு பட்டன் போதும். தோற்றாலும் கேலி செய்யாது. வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற மனிதருக்கு அது பெரிய உபகாரம். ஆனால் அதன் கணக்குத்தான் எங்களுக்கு விளங்கவில்லை. இவர் மட்டையைச் சுற்றுவார். பந்து ஓரத்தில் பட்டு வலப்பக்கமாகப் பின்னால் பறக்கும். கீப்பரைத் தாண்டிப் போனால் எங்கள் ஊரில் அது நாலு. நாங்கள் இருவரும் “நாலு” என்று கத்துவோம். திரையில் ஒரு ரன்னும் ஏறாது. அடித்த பந்தைச் சேர்க்கத் தெரியாத விளையாட்டு என்று அதைத் திட்டிவிட்டு, எங்கள் கணக்கை நாங்களே வாயால் வைத்துக்கொண்டோம். அந்தக் கணக்கில் இவர் தினமும் ஜெயித்தார்.

ஒரு சனிக்கிழமை காலையில் வேனின் சொந்தக்காரர் குமரேசன் அண்ணன் வந்தார். தற்காலிகமாக ஓட்டியவன் ஓசூருக்குப் போகிறானாம். திங்கட்கிழமையிலிருந்து செழியன் வர முடியுமா என்று கேட்டார். இவர் பதில் சொல்வதற்குப் பதில் டிவியைப் போட்டார். எவ்வளவு வேகமாக வருகிற பந்து, பாருங்கள் என்று ஆடிக் காட்டினார். இரண்டு பந்து பின்னால் பறந்தது. அண்ணனும் தலையாட்டினார். ஆனால் கிளம்பும்போது வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“புள்ளைங்க ஏறுற வண்டிம்மா. அவன் சரியாயிட்டான்னு நீ ஒரு வார்த்த சொல்லு, எனக்கு அது போதும்.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். உள்ளே வந்ததும் இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சம்பாதிக்கிறவனுக்குக் குறுக்கே நிற்கிறாயா என்று அதிலேயே கேட்டுவிட்டார். எனக்கும் கோபம்தான். உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் ஏன் வரவில்லை என்று என் மேலேயே கோபம்.

மறுநாள் அவர் முடிவெட்டப் போயிருந்தபோது ரிமோட்டைக் கையில் எடுத்தேன். அதுவரை நான் ஆடியதே இல்லை. பாதிப் பந்தை விட்டேன். பட்டதெல்லாம் முன்னால் போனது. நேராக, இடப்பக்கமாக, முன்னால். எவ்வளவு ஆடியும் ஒன்றிரண்டு தவிர எதுவும் பின்னால் போகவில்லை. பந்து முன்னால் ஓடினால்தான் திரையில் ஆள் ஓடினான், ரன்னும் ஏறியது. அப்படியென்றால் இவர் அடிக்கிற பந்து மட்டும் ஏன் பின்னாலேயே போகிறது? அந்த இரண்டு ஆண்களின் வாயை அடைத்த இடத்துக்கே மறுபடி போனேன். மட்டை சுற்றிய நேரத்தைக் காட்டவா என்று அங்கே ஒரு வரி இருந்தது. காட்டு என்று அமுக்கினேன்.

அவர் வந்ததும் ஆடச் சொன்னேன். முதல் பந்து பின்னால் பறந்தது. திரையின் ஓரத்தில் ‘லேட்’ என்று எழுத்து வந்தது. அடுத்த பந்துக்கும் லேட். அதற்கடுத்ததற்கும். நாலு, நாலு என்று நாங்கள் கொண்டாடியதெல்லாம் தாமதமாகச் சுற்றிய மட்டைதான்.

“இது பழைய பெட்டி, இதுக்கு இன்னா தெரியும்?” என்றவர், ரிமோட்டை என்னிடம் நீட்டினார். “நீ ஆடு. உனக்கும் அதேதான் காட்டும்.”

பந்து வந்தது. வேண்டுமென்றே தாமதமாக அமுக்கிவிட என்னால் முடியும். அமுக்கியிருந்தால் பெட்டி கெட்டுவிட்டது என்று இருவரும் சிரித்திருப்போம். திங்கட்கிழமை காலையில் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையோடு போயிருப்பார். அந்த ஆசை எனக்கு இல்லாமல் இல்லை. நான் சரியான நேரத்தில் அமுக்கினேன். பந்து முன்னால் ஓடியது. ‘குட்’ என்றது திரை.

அவர் ரிமோட்டை வாங்கி, பொழுது சாயும்வரை ஆடினார். நான் விளக்குக்கூடப் போடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் மேல் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. ஒரு பந்தாவது முன்னால் போகட்டும் என்று அருணாசலேஸ்வரரை வேண்டினேன். நாலைந்து போகவும் செய்தன. மற்றதெல்லாம் லேட்.

டிவியை நிறுத்திவிட்டு அவரே குமரேசன் அண்ணனுக்கு போன் போட்டார். மணி அடிக்கும்போதே என் கையில் கொடுத்தார்.

“நீ சொல்லு. என் வாய்ல வரல.”

“அண்ணா, அவரு இப்போ வரமாட்டாரு. வேற ஆள் பாத்துக்குங்க” என்றேன். அதைச் சொல்வதற்குள் செத்துப் பிழைத்தேன். அண்ணன் காரணம் கேட்கவில்லை. சரிம்மா, கீழ்நாத்தூர்ப் பையன் ஒருத்தன் இருக்கிறான், அவனைக் கேட்கிறேன் என்றார். வைக்கப் போன போனை இவர் கையால் மறித்தார்.

“வர்ற டிரைவர்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லு. ஆதிமூலத்தோட சின்னப் பொண்ணு கடைசி ஸ்டாப்புல எறங்கும். எறங்குனதும் வண்டிக்கு முன்னாடிதான் ஓடும், எவ்ளோ சொன்னாலும் கேக்காது. அது அந்தப் பக்கம் போய் சேர்ற வரைக்கும் பிரேக்குல இருந்து கால எடுக்கவே கூடாதுனு சொல்லு.”

ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னேன்.