கூடாரத்துக்குப் பூட்டு

அந்தோணியார் மேல் சத்தியமாக இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கன்னிவாடியிலிருந்து கொடைக்கானலுக்குக் காட்டுவழியாக மூன்று நாள் நடப்பது, பாதியில் திரும்புகிறவன் மீசையை எடுத்துவிடுவது என்று பூட்டுக்கடை ராயப்பராஜுக்கும் அவர் மச்சினன் பிராங்கிளினுக்கும் பந்தயம். ராயப்பராஜுக்கு மீசைதான் உயிர்.

முதல் நாள் பொழுது சாய்ந்ததும் இருவரும் கூடாரத்துக்குள் புகுந்தார்கள். ராயப்பராஜ் கையை மட்டும் வெளியே விட்டு, ஜிப்பில் தன் கடைப் பூட்டையே மாட்டினார். செத்த நேரத்தில் யானை வந்தது. கடைக்கு வருகிறவர்களைப் போலவே பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டது.

விடிந்ததும் பிராங்கிளின், "அத்தான், சாவியக் குடுங்க, அவசரம்" என்றான்.

ராயப்பராஜ் பையைத் துழாவினார். "கல்லாவுலயே வச்சிட்டு வந்துட்டேன்லே."

"அப்பத் திரும்பிப் போயி எடுத்துட்டு வாங்க. அப்படியே சலூனுக்கும் போயிட்டு வந்துருங்க."

"இம்புட்டு ஆசையா உனக்கு? நட முன்னால!"

அடித்துணியில் நாலு ஓட்டை போட்டுக் கால்களை விட்டுக்கொண்டு, கூடாரத்தோடு இருவரும் மலையேறினார்கள். எதிரே வந்த காட்டுமாடுகள் சப்பரம் வருகிறதென்று ஒதுங்கி வழிவிட்டன. கொடைக்கானலில் இருவரும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்ததால் பந்தயத்தில் யாரும் தோற்கவில்லை என்று இருவரும் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு இருவருமே மீசையில்லாமல் வந்தார்கள்.