மலையைப் பார்க்காத கணக்கு

கல்வராயன் மலை ஏறுகிற பேட்டரி வேன்கள்தான் கம்பெனியிலேயே திடமானவை என்று கம்ப்யூட்டர் சொன்னபோது எழில்மதிக்குச் சிரிப்பு வந்தது. உளுந்தூர்பேட்டை ரோட்டில், சமதரையில் ஓடுகிற வேனுக்கு ரெண்டே வருஷத்தில் மூச்சு வாங்குமாம். மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊருக்கு ஏறுவது நாலு வருஷம் தாங்குமாம். எல்லா வேன்களின் ஓட்டத்தையும் காட்டி, எந்த பேட்டரி எப்போது சாகும் என்று கணிக்க அதைப் பழக்கியவள் அவள்தான். பழக்கியவளே சந்தேகப்பட்டால் நன்றாகவா இருக்கும்? முதலாளி சுப்புராயனோ அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். மலை வேன்களுக்கு வாங்க இருந்த புது பேட்டரிகளை நிறுத்திவைத்தார். அந்த வேன்களில் ஒன்றை ஓட்டுவது அவள் புருஷன் வீரமணி.

சந்தை நாளன்று காலையில் டிரைவர் கொளஞ்சியப்பனின் மலை வேன் அடிவாரத்துக்கு இறங்கியதும் படுத்துவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பேட்டரி உப்பிப்போய், தொட்டால் சுட்டது. எழில்மதி அவரைத் தனியே கூப்பிட்டு விசாரித்தாள். ஓட்டத்தை ஆபீசுக்கு அனுப்ப வேனுக்கு ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதில் பாதி வழிக்கு மேல் ஒன்றுமே பதிவாகவில்லை. மனுஷன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"அடிவாரத்துல கோமுகி டேம் தாண்டுனா எல்லாருமே பெட்டி ஒயர புடுங்கிடுவோம்மா. மேல பஸ்ஸு கம்மி. பேட்டரி இழுக்குறத வெச்சு, ஆள் ஜாஸ்தி ஏத்திக்கினு போறது ஆபீசுக்குத் தெரிஞ்சா வுடுவாங்களா? அடிவாரம் வந்துதான் திரும்ப மாட்டுவோம்."

வீரமணியுமா என்று அவள் கேட்கவில்லை. எல்லாரும் என்றால் அவனும்தான்.

மலை டிரிப்புகளின் பதிவில் ஓட்டை விழுவதை அவள் முன்பே பார்த்தவள்தான். டவர் இல்லாத காடு, வேறென்ன என்று நினைத்து, ஓட்டை விழுந்த டிரிப்புகளை மொத்தமாகக் கழித்துக்கட்டிவிட்டு மிச்சத்தைத்தான் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்தாள். மிச்சம் என்ன? அதே மலை வேன்கள் கள்ளக்குறிச்சி டவுனுக்குள் பாதி காலியாகச் சுற்றிய ஓட்டம். பாவம், கம்ப்யூட்டர் மலையைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. அதன் பேச்சை நம்பி வீரமணி இப்போது பழைய பேட்டரியோடு சந்தைக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மேலே போயிருக்கிறான். அவன்மேல் கோபம் வந்தது. தன்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

ஓடிப்போய் முதலாளியிடம் ஒயர் விஷயத்தைச் சொல்லி, எல்லா மலை வேனையும் நிறுத்தச் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வண்டி கெட்டால் எல்லாமா கெட்டுவிடும், நீ பழக்கியதை நீயே நம்பாவிட்டால் எப்படி என்றார். வீரமணிக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. திரும்பத் திரும்பப் போட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

மத்தியானம்போல் அவன் வேனின் புள்ளி ஆபீஸ் திரையின் மேப்பில் தெரிந்தது. சுப்புராயன் எட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"பாத்தியாம்மா, வந்துட்டான். நீதான் வீணா பயந்துக்கினு கெடந்த."

புள்ளி அடிவாரத்தில் இல்லை. பாதி மலையில், ஒரு வளைவில் அசையாமல் நின்றது. பக்கத்தில் பேட்டரியின் சூட்டைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. அவள் மறுபடி போன் போட்டாள். இந்தத் தடவை மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது.

"அடிவாரம் வராம அவரு ஒயர மாட்டவே மாட்டாருங்க," என்றாள். "நாம பாக்கணும்னுதான் மாட்டியிருக்காரு."

சுப்புராயன் திரைக்குக் குனிவதற்குள் சூட்டைக் காட்டிய எண் சிவப்பாக மாறியது, புள்ளி அணைந்துவிட்டது.