கண்ணாடிக் கூட்டில் ஓர் எழுத்து

பஸ் ஓட்டுநருக்குத் தன் மனைவியின் மூளையை நினைத்தாலே பெருமை பிடிபடாது. பின்னே? நோட்டைக் கண்டதும் கட்டிலுக்கடியில் பதுங்குகிற மகளை எழுத்துக்கூட்ட வைத்தவள் ஆயிற்றே! பழைய அட்டைப்பெட்டியில் எழுத்துகளை வெட்டி, காலையில் ஒரு சொல்லை வீடெங்கும் ஒளித்துவிடுவாள். தலையணை உறைக்குள் ஒன்று, வாளிக்குப் பின்னால் ஒன்று. மகள் தேடிப் பிடித்து, வரிசை மாறாமல் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்ட வேண்டும்.

"வாங்களேன், நீங்களும் தேடுங்க" என்று மனைவி கூப்பிட்டால், "எனக்கு எங்கம்மா நேரம்?" என்று நழுவிவிடுவார். பெருமைப்பட மட்டும் நேரம் இருந்தது.

அன்று வண்டியை எடுக்குமுன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தால், உள்ளே அட்டையில் வெட்டிய 'ல்'!

"போச்சுடா! பிள்ளை வீட்டையே தலைகீழாப் புரட்டியிருக்குமே" என்று பதறினார். அதைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தி, வேலை முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வீடு சேர்ந்தார்.

ஃப்ரிட்ஜ் கதவில் 'கப்ப' என்று நின்றிருந்தது. மகளோ சாவகாசமாகக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு. இதை என் கண்ணாடிக் கூட்டுலயா ஒளிப்பே?" என்று மனைவியிடம் எழுத்தை நீட்டினார்.

"நானா? நான் வாளிக்குப் பின்னாடில்ல வச்சேன்!"

இருவரும் மகளைப் பார்த்தார்கள்.

"எல்லாத்தையும் காலையிலயே கண்டுபிடிச்சுட்டேன்ப்பா. நீ இல்லாம கப்பல் கிளம்பக் கூடாதுன்னு ஒண்ணை உன்கூட அனுப்பிட்டேன்."